தாய்வீடு இல்லாமல் பிள்ளை வளர்ப்பது

(சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட இணையர்கள் குழந்தைகளோடு கூடிய ஒருநாள் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)

குழந்தைகள் ஓடட்டும், அழட்டும். யாரும் தூக்கிக்கொண்டு வெளியே போக வேண்டாம். இது அவர்களைப் பற்றிய பேச்சுதான்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை. தாய் சேய் நலம் குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருப்பவள். மூன்று வயது மகளுக்குத் தாய். நான் இடைநிலைச் சாதி ஒன்றில் பிறந்தவள், என் இணையர் பட்டியல் சாதியில் பிறந்தவர். எங்கள் திருமணத்துக்கு இயக்கத் தோழர்கள் வந்தார்கள், மாலை மாற்றினோம், முழக்கம் போட்டோம். அதெல்லாம் நன்றாகவே நடந்தது. குழந்தை பிறந்தபோதுதான் எங்களுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை என்பது புரிந்தது.

பிரசவமான மூன்றாம் நாள் ராத்திரி. அரசு மருத்துவமனை வார்டு. குழந்தை விடாமல் அழுகிறது. பால் சரியாக வரவில்லை என்று எனக்குப் பயம். பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்கா கேட்டார்: "ஏம்மா, உங்கம்மா வரலையா?" நான் பதில் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து வந்து, என் முதுகுக்குத் தலையணை வைத்து, குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தார். அவர் யார், எந்த ஊர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஐந்தாண்டு தாய்ப்பால் பற்றிப் படித்த எனக்கு அந்த ராத்திரி ஒரு கை தேவைப்பட்டது.

நம் ஊரில் பிள்ளை வளர்ப்பு என்பது புத்தகத்தில் இருப்பதல்ல. அது அம்மாவிடமிருந்து மகளுக்கு, அத்தையிடமிருந்து மருமகளுக்கு வருவது. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போவதும், யார் குளிப்பாட்டுவது, யார் பத்தியம் சமைப்பது என்பதும் எல்லாமே உறவு வழியாகத்தான் நடக்கிறது. உறவு என்றால் என்ன? நம் நாட்டில் உறவு என்பதற்கு இன்னொரு பெயர் சாதி. சாதியை விட்டு வெளியே வந்தவர்களுக்கு அறிவுரையும் கிடையாது, உதவிக்கு ஆளும் கிடையாது. திருமணத்தின்போது நாம் உயிருக்குத்தான் பயப்படுகிறோம். 2016-இல் உடுமலையில் சங்கருக்கு நடந்ததை மறந்துவிட்டு இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆனால் உயிர் தப்பிய பிறகு வருகிற தனிமையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அந்தத் தனிமை குழந்தையின் உடல்நலத்தையும் தொடுகிறது. அதனால்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

கருவுற்ற நாளிலிருந்து தொடங்குவோம். பன்னிரண்டு வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துவிடுங்கள். நம்மில் பலர் ஊர் மாறி வாடகை வீட்டில் இருப்பவர்கள். முகவரிச் சான்று இல்லை, ஊர்க்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்று தள்ளிப்போடுகிறோம். தள்ளிப்போட வேண்டாம். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரின் கைப்பேசி எண் உங்கள் இருவரிடமும் இருக்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரில் 18,000 ரூபாய் மகப்பேறு நிதியுதவித் திட்டம் இருக்கிறது. அதே முத்துலட்சுமி ரெட்டி பெயரில்தான் கலப்புத் திருமண நிதியுதவித் திட்டமும் இருக்கிறது. இரண்டுக்கும் தகுதி இருந்தால் இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை. 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் பெண் தொழிலாளர்களின் பேறுகாலச் சலுகைக்காக அண்ணல் அம்பேத்கர் வாதாடியபோது அதை உரிமையாகத்தான் கேட்டார்.

குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். முதலில் வருகிற மஞ்சளான சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிடக் கூடாது. அதில்தான் நோய் எதிர்ப்பாற்றல் இருக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். குழந்தையின் வயிறும் அப்போது சின்னதுதான், அது போதும். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். முதல் வாரம் முடிந்த பிறகு ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் கழிக்கிறது, எடை ஏறுகிறது என்றால் பால் போதுமான அளவு கிடைக்கிறது என்று அர்த்தம். இரவில் அழுகிற குழந்தையைப் பார்த்துப் பயந்து பால்பவுடர் டப்பாவுக்கு ஓட வேண்டாம். பால்பவுடருக்கு விளம்பரம் செய்யவே கூடாது என்று 1992-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். உண்மையிலேயே பால் போதாத தாய்மார்களும் இருக்கிறார்கள். மருத்துவர் சொல்லி மாற்றுப்பால் கொடுத்தால் அதில் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

இங்கே இருக்கிற ஆண் தோழர்களிடம் ஒன்று. பால் கொடுப்பதைத் தவிர மற்ற எல்லாமும் உங்களால் முடியும். துணி துவைப்பது, சமைப்பது, இரவில் தூக்கி வைத்து ஏப்பம் விடச் செய்வது, தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வைத்திருப்பது. பிறந்தவுடன் பிசிஜி, போலியோ சொட்டு, மஞ்சள் காமாலை ஊசி. பிறகு 6, 10, 14-ஆவது வாரங்கள். அப்புறம் ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை ரூபெல்லா ஊசி. இந்தத் தேதிகள் அப்பாவுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பிரசவத்துக்குப் பிறகு உங்கள் இணையர் இரண்டு வாரத்துக்கு மேல் காரணம் இல்லாமல் அழுகிறார், குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்கிறார், தூக்கமே இல்லை என்றால் அது திமிரும் இல்லை, பேய் பிடித்ததும் இல்லை. அது பேறுகால மனச்சோர்வு. அதற்குச் சிகிச்சை உண்டு. 14416 என்கிற எண்ணில் மனநல ஆலோசனை இலவசம். அம்மா வீட்டைப் பிரிந்து வந்த பெண்களிடம் இந்தச் சோர்வு பேசப்படாமலே போகிறது. "நீயா தேடிக்கிட்டது" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று அவர்களே அடக்கிக்கொள்கிறார்கள்.

இப்போது என் அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

மகள் பிறந்த ஐந்தாவது மாதம் அம்மா வந்தார். பேத்தியின் முகத்தைப் பார்த்ததும் அழுதார், நானும் அழுதேன். உங்களில் பலருக்கு இது நடந்திருக்கும். குழந்தை பிறந்ததும் கதவு கொஞ்சம் திறக்கும். நாம் எல்லாவற்றையும் மறந்து அந்தக் கதவு வழியாக ஓடுவோம். அம்மா ஒரு பையில் வெள்ளிக் கொலுசு, வசம்பு, கண் மை, தேன் எல்லாம் கொண்டுவந்தார். அதே பையில் தண்ணீர்ப் பாட்டிலும் இருந்தது. "வேற ஊர்த் தண்ணி எனக்கு ஒத்துக்காது கண்ணு" என்றார். அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்கவில்லை. என் அத்தை, அதாவது இணையரின் அம்மா, குழந்தையைத் தன் மடியிலிருந்து இறக்கி என் அம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டார். அன்று சாயங்காலம் வரை அவர் குழந்தையைத் தொடவே இல்லை. அந்தக் குழந்தையை நாற்பது நாள் குளிப்பாட்டியவர் அவர்.

வசம்பு, தேன் எல்லாம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்வது எனக்கு எளிதாகத்தான் இருந்தது. தண்ணீர்ப் பாட்டிலைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அம்மா மறுபடி வராமல் போய்விடுவாரோ என்று பயம்.

முதலில் அந்தப் பையில் இருந்த பொருள்களைப் பற்றிச் சொல்கிறேன். தேன், ஒரு வயது வரை வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகள் பச்சைக் குழந்தையின் குடலில் நஞ்சை உண்டாக்கி உடலைச் செயலிழக்கச் செய்யலாம். பிறந்ததும் சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால் எதுவும் வேண்டாம். வசம்புக்குப் பிள்ளை வளர்ப்பான் என்றே பெயர் உண்டு. ஆனால் உரைத்து ஊற்றினால் வாந்தியும் மயக்கமும் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற நிலை வரலாம். கண் மையில் ஈயம் கலந்திருக்கலாம். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பது, உரம் எடுப்பதாகச் சேலையில் போட்டு உருட்டுவது, சாம்பிராணிப் புகை இவையெல்லாம் தேவையில்லாதவை. மாந்தம், தோஷம், சீர் என்று எந்தப் பெயர் சொன்னாலும் சரி, குழந்தை பால் குடிக்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, நெஞ்சு உள்ளே இழுக்கிறது, வலிப்பு வருகிறது என்றால் உடனே மருத்துவமனைதான். மூன்று மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பாட்டிமார் சொல்வதெல்லாம் தப்பு என்று நான் சொல்லவில்லை. மெதுவாக எண்ணெய் தேய்த்துவிடுவது, உடம்பைச் சூடாக வைத்திருப்பது, தாலாட்டு, மடியிலேயே போட்டு வைத்திருப்பது எல்லாம் நல்லவை. உடலுக்குக் கெடுதல் செய்யாத பழக்கத்தை ஏற்றுக்கொள்ளலாம். கெடுதல் செய்வதை மரியாதையோடு மறுக்கலாம்.

சேனை வைப்பதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். யார் வாயில் வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. யாரைக் கூப்பிடுவார்கள்? சொந்தத்தில் பெரிய மனிதரை. ஒரு காலத்தில் ஊரில் எல்லாக் குழந்தைகளையும் முதலில் கையில் ஏந்தியவர் நாவிதர் குடும்பத்து மருத்துவச்சியோ, சேரியிலிருந்து வந்த பெண்ணோதான். தொப்புள்கொடி அறுத்தது அவர்கள் கை. தீட்டு கழித்த பிறகு அவர்களுக்கு அந்த வீட்டு நடையில் இடமில்லை. உயிரைக் காப்பாற்றிய கையின் குணம் பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று ஒருவரும் சொன்னதில்லை. குங்குமப்பூவும் அப்படித்தான். சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்காது. நிறம் மரபணுவில் இருக்கிறது. என் மகளைப் பார்க்க வந்த உறவினர் ஒருவர் முதலில் பார்த்தது காது மடலின் நிறத்தைத்தான். ஏன் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியும்.

ஆறு மாதம் முடிந்ததும் இணை உணவு. குழைந்த சோறு, பருப்பு, ஒரு கரண்டி எண்ணெய் அல்லது நெய், கீரை, பழம். கூடவே முட்டை, முள் நீக்கிய மீன், நன்றாக வேகவைத்து மசித்த இறைச்சி, கொஞ்சம் ஈரல். எட்டு மாதக் குழந்தைக்கு நெஞ்சுக்கறி சூப்பின் தண்ணீரை மட்டும் கொடுத்தால் சத்து சேராது, கறியையும் மசித்துக் கொடுக்க வேண்டும். கூழாக அரைத்துக்கொண்டே இருக்காமல் மெல்ல மெல்லக் கட்டியாக்க வேண்டும். ஒரு வயதில் வீட்டுச் சாப்பாட்டையே குழந்தை சாப்பிட வேண்டும்.

ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வு 2019-21-இல் நடந்தது. அதன்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 விழுக்காட்டினருக்கு. மருத்துவத்தில் முன்னேறிய மாநிலம் என்று பெருமைப்படும் நம் நிலை இது. ரத்தசோகை உள்ள குழந்தை மந்தமாக இருக்கும், படிப்பில் கவனம் நிற்காது. அப்புறம் அந்தக் குழந்தைக்குத்தான் "அதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது" என்று பெயர் வைப்பார்கள்.

கீரையில் இருக்கும் இரும்புச் சத்தைவிடக் கறியில் இருக்கும் இரும்புச் சத்தை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். இது உடற்கூறு. ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? சுவரொட்டியும், ரத்தப் பொரியலும், மாட்டுக்கறியும் சாப்பிட்டு வளர்ந்த என் இணையர், வாடகை வீடு தேடும்போது "நாங்க முட்டைகூடச் சாப்பிட மாட்டோம்" என்று பொய் சொன்னவர். அத்தை மாட்டு ஈரல் வாங்கிவந்தால் கறுப்புப் பையில் சுற்றி எடுத்து வருவார். மலிவான விலையில் கிடைக்கும் சத்தான உணவு ஒன்றைத் திருட்டுப் பொருள் போலக் கொண்டுவர வைத்திருப்பது எது? சைவம் சாத்விகம், கவுச்சி சாப்பிட்டால் முரட்டுக் குணம் என்று குழந்தைகளிடம் சொல்லும் பள்ளிகள் இருக்கின்றன. சைவம் சாப்பிடுவது ஒருவரின் விருப்பம். தங்கள் பிள்ளைக்குப் பயறு, சுண்டல், பால், எலுமிச்சை என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்து அவர்களும் நன்றாக வளர்க்கலாம். அடுத்த குழந்தையின் டிபன் பாக்ஸை முகர்ந்து பார்ப்பதற்கு அவர்களுக்கு உரிமையில்லை.

அங்கன்வாடிக்கு அனுப்புங்கள் தோழர்களே. நம்மில் கொஞ்சம் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட "அங்கே எல்லாம் எப்படி" என்று ப்ளே ஸ்கூல் தேடுகிறோம். பட்டியலினப் பிள்ளைகளும் பிற்படுத்தப்பட்ட பிள்ளைகளும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் இடத்தை உருவாக்க இந்த மண்ணில் நூறு ஆண்டு உழைப்பு இருக்கிறது. 1920-இல் நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு, 1956-இல் காமராசர், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, பிறகு கலைஞர் காலத்தில் முட்டை, 2022-இல் காலை உணவு. அந்தத் தட்டைத் தட்டிவிடவும் ஆட்கள் இருக்கிறார்கள். 2018-இல் அவிநாசி அருகே ஓர் அரசுப் பள்ளியில் அருந்ததியப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர்கள் பள்ளியை முற்றுகையிட்டார்கள். 2023-இல் கரூர் மாவட்டத்திலும் தூத்துக்குடி மாவட்டத்திலும் பட்டியலினப் பெண் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடாமல் தடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் பசியோடுதான் வகுப்பில் உட்கார்ந்தார்கள். தங்கள் பிள்ளையின் வயிற்றைக் காயவைத்துத் தங்கள் சாதியைக் காப்பாற்றிய பெற்றோர்கள் அவர்கள். என் பார்வையில் குழந்தையின் உடல்நலத்துக்கு முதல் கேடு சாதிதான் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டை ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுசாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். பாதிப் பாக்கெட்டைக் கரைக்கிற வேலை வேண்டாம். கூடவே மருத்துவர் சொல்லும் அளவில் 14 நாள் துத்தநாக மாத்திரை. போக்கு நின்றுவிட்டது என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. பாலையும் சோற்றையும் நிறுத்தக் கூடாது. கண் குழி விழுந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை துவண்டால் உடனே மருத்துவமனை. தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று எல்லா அறிவுரையும் சொல்லும். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குழந்தைகளுக்குத்தான் முதலில் உடம்பு முடியாமல் போனது. மருத்துவர்கள் தண்ணீரைப் பாருங்கள் என்று சொன்ன பிறகுதான், பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மலம் கலந்திருப்பது தெரிந்தது. அந்தத் தாய்மாரிடம் போய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று எந்த வாயால் சொல்வது?

குழந்தை பள்ளிக்குப் போனதும் ஒரு நாள் வந்து கேட்கும்: "நாம என்ன ஆளுங்கம்மா?" கேள்வி ஐந்தாறு வயதிலேயே வந்துவிடும் என்று மூத்த இணையர்கள் சொல்கிறார்கள். நம்மில் சிலர் "நமக்குச் சாதியே கிடையாது" என்று முடித்துவிடுகிறோம். அது அந்தக் குழந்தைக்குப் போதாது. நாளைக்கு யாராவது அதன் அப்பாவின் சாதியைச் சொல்லித் திட்டும்போது அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்றே தெரியாமல் நிற்கும். வயதுக்கு ஏற்ற மாதிரி உண்மையைச் சொல்லலாம். "சில பேர் தாங்க உசத்தி, மத்தவங்க தாழ்த்தின்னு நினைக்கிறாங்க. அது பொய். உன் பாட்டியையும் அப்படிச் சொல்லியிருக்காங்க. யாராவது உன்ன அப்படிச் சொன்னா உன் மேல தப்பே இல்ல, வீட்ல வந்து சொல்லணும்." ஆறு வயதுக்கு இது போதும். பத்து வயதில் அம்பேத்கர் பள்ளியில் தாகத்தோடு உட்கார்ந்திருந்த கதையைச் சொல்லலாம். குழந்தை திடீரென்று பள்ளிக்குப் போக மறுக்கிறது, வயிறு வலிக்கிறது என்கிறது, படுக்கையில் சிறுநீர் போகிறது என்றால் பூச்சி மாத்திரையோடு நிறுத்தாதீர்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். பூச்சி மாத்திரையும் தேவைதான், ஆண்டுக்கு இரண்டு முறை பள்ளியிலேயே தருகிறார்கள்.

வளரிளம் பருவத்துக்கு வருவோம். பெண் குழந்தைக்கு மாதவிடாய் தொடங்குவதற்கு முன்பே, ஒன்பது பத்து வயதில், அம்மா அப்பா இருவரும் சொல்லிவிட வேண்டும். மஞ்சள் நீராட்டு வேண்டாம், பந்தல் வேண்டாம், தாய்மாமன் சீர் வேண்டாம். ஓலைக் குடிசையில் தனியாக உட்காரவைப்பது, தனித்தட்டு எல்லாம் தீண்டாமை. ஊருக்கு வெளியே சேரியை வைத்த அதே புத்திதான் வீட்டுக்கு வெளியே பெண்ணை வைத்தது. 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பட்டியலின மாணவி ஒருத்தி மாதவிடாய் என்பதால் வகுப்பறைக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து தேர்வு எழுதிய காணொளியைப் பார்த்தோம். இரண்டு தீட்டும் ஒரே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தன.

பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச் சத்து மாத்திரை தருவார்கள். பிள்ளைகள் வாங்கி ஜன்னல் வழியாக வீசிவிடுகிறார்கள். வயிறு பிரட்டும் என்று பயம். சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் பிரட்டாது. மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். மாத்திரைக்கும் டீ, காப்பிக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கூட ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ சாப்பிட்டால் சத்து நன்றாகச் சேரும். எட்டு நாளுக்கு மேல் ரத்தப்போக்கு, கட்டி கட்டியாகப் போவது, பள்ளிக்குப் போக முடியாத அளவு வலி இருந்தால் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. அவர்கள் கையில் என்ன நிறக் கயிறு இருக்கிறது என்று பாருங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பையன்கள். அதன் பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் அமைக்கப்பட்ட ஒருநபர் குழு, பள்ளிகளில் சாதிக் கயிறு கூடாது என்பது உட்படப் பல பரிந்துரைகளை 2024-இல் கொடுத்தது. கயிற்றை அறுப்பது அரசின் வேலையாக இருக்கட்டும். அந்தக் கயிற்றைக் கட்டிக்கொண்டால்தான் தனக்கு நண்பர்கள் கிடைப்பார்கள் என்று பதினைந்து வயதுப் பையன் நினைக்கிறான் பாருங்கள், அந்தத் தனிமை பெற்றோர் பார்க்க வேண்டிய விஷயம். அவனோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். அவனையும் சமைக்க விடுங்கள். அழுதால் அழவிடுங்கள். அவன் உடம்பில் வரும் மாற்றத்தை அப்பா பேச வேண்டும், வீடியோ சொல்லித்தரும் என்று விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றையும் நமக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். காதலித்து, வீட்டை எதிர்த்துக் கல்யாணம் செய்த நாம்தான் இப்போது மகளின் கைப்பேசியைத் திறந்து பார்க்கிறோம். "எங்க காலம் வேற" என்கிறோம். பிள்ளைகளுக்குப் படிப்பு முடியட்டும், வயது வரட்டும், சரிதான். கருத்தடை பற்றி, சம்மதம் பற்றி, வேண்டாம் என்று சொல்வது பற்றித் தெளிவாகச் சொல்லுங்கள். 1930களிலேயே மேடையில் கர்ப்பத்தடையைப் பேசியவர் பெரியார். 1938-இல் அம்பேத்கர் கட்சி சார்பில் பம்பாய் சட்டமன்றத்தில் அதற்காகத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. நாம் 2020களில் மகனிடம் பேசக் கூச்சப்படுகிறோம். யாரைக் காதலிக்கிறாய் என்று கேட்கும்போது நம் குரலில் பழைய குரல் எட்டிப்பார்க்கிறதா என்று ஒவ்வொருவரும் கவனியுங்கள்.

என் அம்மாவின் தண்ணீர்ப் பாட்டிலோடு முடிக்கிறேன். அவர் மூன்றாம் முறை வந்தபோது சொல்லிவிட்டேன். "அம்மா, நீ வா, பேத்தியைக் கொஞ்சு. ஆனா இந்த வீட்ல தண்ணி குடிக்காதவங்க கையால இவ சோறு சாப்பிட மாட்டா." அம்மா கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான்கு மாதம் வரவில்லை. அந்த நான்கு மாதமும் எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. மகளுக்குக் காய்ச்சல் வந்த ஒரு ராத்திரி, தொலைபேசியை எடுத்து அம்மா எண்ணைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். பிறகு வந்தார். அத்தை போட்டுக்கொடுத்த டீயைக் குடித்தார். இருவரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. மகள் இருவர் மடிக்கும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தாள். அப்பா இன்னும் வரவில்லை. எல்லாருக்கும் இப்படி முடியும் என்று நான் சொல்ல மாட்டேன். சில வீடுகளில் கதவைத் திறப்பதே ஆபத்து. அங்கே குழந்தையின் உயிரும் உங்கள் உயிரும்தான் முதலில்.

அதனால் நாம் ஒருவருக்கொருவர் தாய்வீடாக இருக்க வேண்டும். இன்றைக்கே ஒரு நோட்டில் எழுதுவோம். இந்த ஆண்டு யார் வீட்டில் பிரசவம், எந்த மாதம். நாற்பது நாளுக்கு யார் எந்த நாள் சமைத்துக் கொடுப்பது. பக்கத்தில் யாரிடம் வண்டி இருக்கிறது. குழந்தை வளர்த்த அனுபவமுள்ள எந்த அக்காவை ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பலாம். ஆண்கள் பெயரும் அதில் பாதிக்குப் பாதி இருக்க வேண்டும். என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள், செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் நான் வருகிறேன். குழந்தையை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று எனக்கு ஓர் அக்கா காட்டிக்கொடுத்திருக்கிறார், நான் காட்டிக்கொடுக்கிறேன்.

நோட்டு அந்த மேசையில் இருக்கிறது.